ரங்கத் போட்டும் ஒரு பாட்டில் ஊக்கியும்

அந்தமானில் ரங்கத் போவது எப்படி என்று கேட்கிறீர்கள். எழுபதுகளில், ஒரு ஜனவரியில் நான் போன கதையைச் சொல்கிறேன். வழி இப்போது மாறியிருக்கும், என் அவசரப் புத்தி மட்டும் மாறவில்லை.

அப்போது நான் போர்ட் பிளேரில் விவசாய இலாகா ஊழியன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து ரங்கத்தில் குடியேறிய முத்தையாவிடம் பன்னிரண்டு எலுமிச்சை மரங்கள் இருந்தன. முதல் காய்ப்பை விற்றுத்தான் மண்டபம் முகாமில் இருக்கும் மனைவியை அவர் அழைத்துவர வேண்டும். பூ வரட்டும் என்று ஒரு மாதமாகத் தண்ணீர் விடாமல் மரங்களைக் காயப் போட்டிருந்தார். ஜங்லிகாட் கடைவீதியில் பார்த்தபோது ஜிப்ரலின் என்ற பயிர் ஹார்மோன் பாட்டிலைக் கொடுத்து, "வெள்ளிக்கிழமை வெயில் தாழ அடிங்க" என்றேன்.

"பூ வருமா தொரை?"

பாட்டிலில் 'வளர்ச்சி ஊக்கி' என்றுதானே இருந்தது? தலையாட்டிவிட்டேன். தேயிலைத் தோட்டத்தில் பழகியவருக்குத் துரை சொன்னால் சொன்னதுதான்.

வியாழன் மாலை ஒரு கையேட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. எலுமிச்சை மொட்டுக் கட்டும் காலத்தில் அந்த ஹார்மோன் இலைத் துளிரைத்தான் கிளப்பும், பூவைத் தடுத்துவிடும். மரத்தைக் காயப் போட்டால் உள்ளே அது குறைந்து பூ பிடிக்கும். அவர் ஒரு மாதம் குறைத்ததை நான் ஒரு பாட்டிலில் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்!

வெள்ளி காலை ஆறு மணிக்கு ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் போட் ஏறினேன். டிக்கெட் விலை மறந்துவிட்டது. ஒரு மணிக்குச் சேர வேண்டியது, பத்து மணிக்கு நடுக்கடலில் இஞ்சின் நின்றது. நான் மூன்று மணி நேரமும் போட்டை ஓட்டும் சாரங்கை நச்சரித்தேன்.

"அரே சாப், ஜல்தி ஜல்தின்னா இஞ்சின் கேக்குமா? சும்மா பைட்டோ!" என்று என்னை உட்காரச் சொன்னார்.

நான்கு மணிக்குக் கரை. அங்கிருந்து முத்தையாவின் தோட்டத்துக்கு நாலு மைல், லாரி கிடையாது. அந்தமானில் ஐந்தே காலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். சேற்றில் ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினேன்.

முத்தையா தெளிப்பானோடு இரண்டாவது மரத்தடியில் நின்றார்.

"நிறுத்துங்க! அது பூவைத் தடுக்கும். தப்பு என்னோடது."

தெளிப்பானை மெல்லக் கீழே வைத்தார். "மொத மரத்துக்கு அடிச்சிட்டேனே தொரை. நல்ல மரம்னு அதுக்குத்தான் மொதல்ல அடிச்சேன்."

திட்டியிருந்தால் தேவலை. அவர் எனக்குத் தேநீர் போட்டார்.

தண்ணீர் விட்டபின் பதினொரு மரங்கள் பூத்தன. காய்ப்பு போதுமானதாக இருந்தது, மனைவியும் வந்து சேர்ந்தார்.

போகிறவர்களுக்கு: முதல் போட்டைப் பிடியுங்கள், அது நேரத்துக்குப் போகும் என்று நம்பாதீர்கள். இரண்டு வேளைச் சாப்பாடு கையில் இருக்கட்டும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். எந்த மருந்தானாலும் முதலில் ஒரே ஒரு கிளையில் அடித்துப் பாருங்கள்.

மறு வருடம் போனபோது முத்தையாவின் மனைவி தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். அந்த முதல் மரத்தைக் காட்டி, பாட்டில் கொடுத்தவன் நான்தான் என்று தெரியாமலே சொன்னார்: "போன வருசம் வெறும் எலையா விட்டுச்சாம். இவரு அதுக்கு தொரை மரம்னு பேரு வச்சிருக்காரு."