அக்கா போட்ட நாற்காலிகள்

அக்காவின் முதலாண்டு நினைவு நாளில் இந்த மலரைப் படிக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எட்டாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பியவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா கட்கியில், அப்பா வேலை பார்த்த ஆயுதத் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்தார். இருபத்தாறு வயதில் கணவரை இழந்தார். கைக்குழந்தையோடு, பக்கத்திலுள்ள போசரியில் நம் தமிழர்கள் தொடங்கிய சிறிய பள்ளியில் எழுத்தராகச் சேர்ந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

லாரியில் சூரத், ஹூப்ளி என்று அலைந்துவிட்டு நான் ஆண்டுக்கொரு முறை வருவேன். பள்ளி வளர்ந்ததை அதன் செலவை வைத்தே தெரிந்துகொண்டேன். முதலில் தகரக் கொட்டகை வாடகை, சாக்பீஸ், இரண்டு டீச்சர் சம்பளம், அவ்வளவுதான். அடுத்த முறை பெஞ்சுகள். பிறகு மாடி, வாட்ச்மேன், வேன், டீசல். புதுச் செலவு ஒன்று வந்தால் பழைய செலவு ஒன்றின் கழுத்தைப் பிடிப்பார்கள் என்று அக்கா சொல்வார்.

இரண்டாயிரம் வாக்கில் கம்ப்யூட்டர் வந்தது. பத்து வாங்குவதற்காக, கழிப்பறை கழுவும் பெண்ணை நிறுத்திவிட்டு வாரம் இருமுறை வெளியாளை வைத்துக் கழுவலாம் என்று நிர்வாகக் குழு பேசியது. அவரைப் பள்ளியில் எல்லோரும் மாவ்ஷி, அதாவது மராத்தியில் சித்தி, என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் படிப்பை நிறுத்தாமல் வருவதே மாவ்ஷியால்தான் என்பார் அக்கா.

குழு கூடிய அன்று நான் ஊரில் இருந்தேன். அக்கா மாவ்ஷிக்கு இரண்டு நாள் லீவு கொடுத்திருந்தார். வாரம் இருமுறை கழுவினால் எப்படி இருக்கும் என்று குழுவும் தெரிந்துகொள்ளட்டுமே என்றார்.

"டேய், சும்மாதான இருக்க? இந்த நாற்காலிங்கள தூக்கினு வா."

பெண்கள் கழிப்பறைச் சுவரோரம் வரிசையாகப் போட்டோம். தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்னம்மா இது, கூட்டம் போட வேற ஜாகா கெடைக்கலியா?"

"ஒரு மணி நேரந்தான சார். பொண்ணுங்க ஆறு மணி நேரம் இருக்குதுங்க."

"உன் வேலை போயிடும்மா."

"போனா போவட்டும். மொதல்ல உக்காருங்க சார்."

யாரும் உட்காரவில்லை. நின்றபடியே பத்து நிமிடத்தில் முடிவெடுத்தார்கள். கம்ப்யூட்டர் ஆறுதான் வந்தது. மாவ்ஷி வேலையில் தொடர்ந்தார். அக்காவின் சம்பள உயர்வை மட்டும் இரண்டு ஆண்டு நிறுத்தி வைத்தார்களாம். அதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. இறந்த பிறகு மகள் சொல்லித்தான் தெரியும்.

கடைசி ஆறு மாதம் சிறுநீரகக் கோளாறில் படுத்தார். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன ஆட்டோ நண்பருக்கும், ரத்தம் கொடுத்த தொழிற்சாலைத் தோழர்களுக்கும், முறை வைத்துச் சாப்பாடு அனுப்பிய பக்கத்து வீடுகளுக்கும் எங்கள் நன்றி.

அடக்கத்தன்று பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். எல்லோரும் வந்த பிறகு, புடவை ஓரம் நனைந்திருக்க, மாவ்ஷி கடைசியாக வந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

"ஸ்கூல்ல கழுவிட்டு வந்தேன் அண்ணே," என்று இந்தியில் சொன்னார். "நாளைக்குப் பொண்ணுங்க வருமே. மேடம் கேக்க மாட்டாங்களா?"

அவருக்கும் எங்கள் நன்றி.