சத்தம் போட்டுப் படிக்கிற வீடு

எங்கள் வீட்டில் படிப்பு என்றால் சத்தம். வாயைத் திறக்காமல் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு அப்பா வைத்திருந்த பெயர் 'வேடிக்கை பார்க்கிறது'. கல்கத்தா கார்டன் ரீச்சில் ரயில்வே குவார்ட்டர்ஸ், மாடியில் இரண்டே அறை. அப்பாவுக்கு ரயில்வே தலைமை அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. காலை ஐந்தரைக்கு என்னையும் தங்கையையும் எழுப்பி வராந்தாவில் பாயைப் போட்டு உட்கார வைப்பார். அவர் பல் தேய்த்து, சவரம் செய்து, குளித்து முடிக்கிற வரைக்கும் எங்கள் குரல் அவர் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் தொய்ந்தால் போதும், குளியலறையிலிருந்து கேட்பார்: "என்ன, ரெண்டும் தூங்கிடுச்சா?"

கும்பகோணத்தில் அவர் படித்ததும் அப்படி, அவருடைய அண்ணன் படித்ததும் அப்படி. இரண்டு பேருமே உத்தியோகத்துக்கு வந்துவிட்டார்கள். அதில் தப்பு இருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

எனக்கு அந்தப் படிப்பு கற்கண்டு. தொண்டை கிழியக் கத்துவேன். மூன்று தரம் கத்தினால் ஒரு பக்கம் மண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். கீழ்வீட்டு வங்காளி அம்மாவை மாஷிமா என்று கூப்பிடுவோம். அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உன் பாடம் எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு, பரீட்சையை நான் போய் எழுதிட்டு வரட்டுமா?" என்று கேலி செய்வாள். வகுப்பில் எப்போதும் நான்தான் முதல். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

என் தங்கை என்னைவிட இரண்டு வயது சின்னவள். பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் கத்துவாள். கத்துவாள் என்றால் வாய் அசையும், அவ்வளவுதான். ஐந்து நிமிஷம் கழித்து என்ன படித்தாய் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். மூன்றாம் வகுப்பு முழுப் பரீட்சையில் பசுவைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னார்கள். இவள் இரண்டு வரி பசுவைப் பற்றி எழுதிவிட்டு, மிச்சம் மூன்று வரியும் எரிமலையைப் பற்றி எழுதிவைத்தாள். எரிமலை என்னுடைய ஐந்தாம் வகுப்புப் பாடம். டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு விடைத்தாளைக் காட்டினார். நாங்கள் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அது எப்படி அங்கே வந்தது என்று ஒருத்தர்கூட யோசிக்கவில்லை. அந்த வருஷம் அவள் பெயில்.

மறுபடியும் மூன்றாம் வகுப்பு. அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பை அப்பா என் தலையில் கட்டினார். ஏழாம் வாய்ப்பாட்டை நான் கத்த, அவள் திருப்பிக் கத்த வேண்டும். ஏழெட்டு என்று கேட்டால் வாயை இறுகப் பூட்டிக்கொள்வாள். எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. அவள் தொடையில் நான் கிள்ளாத இடம் கிடையாது. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அரைப் பரீட்சையிலும் அவள் தேறவில்லை என்றதும் அப்பா முடிவு கட்டிவிட்டார். கும்பகோணத்துப் பெரியப்பாவுக்குக் கடிதம் போயிற்று. முழுப் பரீட்சையிலும் இப்படியே என்றால் ஜனவரியில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிடுவது. இங்கே பள்ளிக்கூடத்தில் எல்லாம் வங்காளிதான்; ஜூனில் அங்கே பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தமிழ் எழுத்துப் பழகிவிடும். பெரியப்பாவின் கண்டிப்பில் சரியாகிவிடுவாள். பெரியப்பாவும் தாராளமாக அனுப்பு என்று எழுதிவிட்டார். அம்மா சமையலறையில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தங்கை மட்டும் என்னிடம் வந்து, "பெரியப்பா வீட்டுல நான் யார் பக்கத்துல படுத்துப்பேன்?" என்று கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல், "ஒழுங்காப் படி, போக வேண்டாம்" என்று அதட்டினேன்.

நவம்பரில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. இரண்டு கன்னமும் பூரி மாதிரி உப்பிவிட்டன. அம்மா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். தங்கம் பட்டால் வீக்கம் வடியும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வாயைத் திறக்கவே முடியவில்லை. கஞ்சியை உறிஞ்சுவதற்குள் உயிர் போய்விடும். அதே சமயம் அப்பா ஆபீஸ் வேலையாகப் பத்து நாள் கரக்பூர் போயிருந்தார். வீட்டில் சத்தம் போடுகிற இரண்டு வாயும் ஒரே நேரத்தில் அடங்கிவிட்டன.

உள்ளறைக் கட்டிலில் படுத்தபடி வராந்தாவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தங்கை சுவரோடு சாய்ந்து, முழங்காலில் புத்தகத்தை வைத்து, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு மணி நேரம் அப்படியே. நடுநடுவே விரலால் தரையில் ஏதோ கிறுக்குவாள். பக்கம் திரும்புகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. அப்பா இல்லையென்றதும் நன்றாக டிமிக்கி கொடுக்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டலாம் என்றால் தாடை அசையவில்லை.

நாலாம் நாள் பொறுக்க முடியாமல் சிலேட்டை எடுத்து, வங்காளியில் 'ஏழெட்டு?' என்று எழுதி நீட்டினேன். வசமாக மாட்டிக்கொண்டாள் என்ற சந்தோஷம் எனக்கு. அவள் பலப்பத்தை வாங்கி ஐம்பத்தாறு என்று எழுதினாள். ஏழொன்பது கேட்டேன். அறுபத்துமூன்று. பாடத்திலிருந்து கேட்டேன். அதற்கும் எழுதினாள், புத்தகத்து வாக்கியம் இல்லை, ஆனால் விஷயம் சரி. அடேயப்பா! எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. வருஷமெல்லாம் நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியும் ஏறாதது நாலு நாளில் எப்படி ஏறியது? 'எப்படி?' என்று எழுதினேன்.

அவள் கொஞ்சம் பயந்துகொண்டேதான் சொன்னாள். "நீ கத்தினா எனக்கு உன் பாடம்தான் கேக்குது அக்கா. என் பாடம் கேக்கவே மாட்டேங்குது. நானே கத்தினாலும் அப்படித்தான்."

எரிமலை அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வீக்கம் வடிந்தது. அப்பாவும் திரும்பி வந்தார். பரீட்சைக்கு இன்னும் எட்டு நாள். தங்கை தேறுவாள் என்ற எண்ணமே அவருக்கு இல்லாததால் அவளைக் கண்டுகொள்ளவில்லை. "நீ ஆரம்பிம்மா" என்று என்னிடம்தான் சொன்னார். நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் வலிக்குதுப்பா" என்றேன். சுத்தப் பொய். அம்மாவிடம் சங்கிலியைத் திரும்ப வாங்கிப் போட்டுக்கொண்டேன். எட்டு நாளும் வாயை மூடிக்கொண்டு படித்தேன். படித்தேன் என்றா சொன்னேன்? எழுத்து கண்ணில் பட்டது, உள்ளே ஒன்றும் போகவில்லை. ஒரு பத்தியைப் பத்துத் தரம் பார்த்தாலும் பதினோராவது தரம் புதிதாக இருந்தது. ஐயோ, இவள் இத்தனை வருஷம் இப்படித்தானே உட்கார்ந்திருந்தாள் என்று அப்போது தோன்றியது.

டிசம்பர் கடைசியில் ரிசல்ட். தங்கை எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள். நான் வகுப்பில் பதினொன்றாவது. அப்பா இரண்டு அட்டைகளையும் மடியில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பாத்தியா, சின்னதுக்குச் சொல்லிக் குடுத்தே பெரியவ படிப்பு வீணாப் போச்சு. இவ ஊருக்கே போகட்டும். இல்லேன்னா ரெண்டும் உருப்படாது."

தங்கை கதவோரம் நின்றிருந்தாள். அழக்கூட இல்லை. எனக்கு வந்ததே ஆத்திரம்!

"நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலை!" என்று கத்தினேன். "நான் வாயை மூடிட்டிருந்ததாலதான் அவ பாஸ் பண்ணினா. கழுத்து வலின்னு பொய் சொன்னேன். அவளுக்குச் சத்தமே ஆகாதுப்பா!"

அப்பா நம்பவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவும் இல்லை. மாஷிமா வீட்டிலிருந்து நாலாம் வகுப்புப் பழைய புத்தகம் ஒன்றை வாங்கிவரச் சொல்லி, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து தங்கையிடம் கொடுத்தார். "உன் இஷ்டப்படி படி." அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த அமைதி அப்பாவுக்குத் தாங்கவில்லை. இரண்டு முறை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா கையைக் காட்டி அடக்கினாள். கொஞ்ச நேரத்தில் தங்கை புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாள். பாதி தமிழ், பாதி வங்காளி, நடுவில் இரண்டு இங்கிலீஷ் வார்த்தை. அப்பா புத்தகத்தில் விரலை வைத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றும் விட்டுப்போகவில்லை.

"அண்ணனுக்கு நாளைக்கே எழுதிடறேன், அனுப்பலைன்னு" என்றார் அம்மாவிடம். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அப்பா தங்கையைப் பக்கத்தில் இழுத்துத் தலையைத் தடவினார். "இத்தனை நாளா ஏண்டிம்மா சொல்லலை?"

"சொன்னேன்ப்பா. ரெண்டு தடவை. நீங்க, இன்னும் சத்தமாப் படின்னு சொன்னீங்க."

எனக்கும் ஞாபகம் இருந்தது. இரண்டு தடவையும் நான் பக்கத்தில்தான் இருந்தேன், கத்திக்கொண்டு.