நாலு மணி வரி

எங்கள் கல்லூரிக் கணினி அறையை எனக்கு முன்னால் பார்த்துக்கொண்டவர் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். இறந்த பிறகும் தினமும் சரியாக நாலு மணிக்கு எல்லாத் திரைகளிலும் அவர் பெயரோடு ஒரு வரி வந்தது: ‘மணி நாலு. டீ குடிக்கப் போவமா?’ உயிரோடு இருந்தபோது விளையாட்டாகக் கணினிக்கு அவர் கொடுத்துவைத்த வேலை. அதற்குச் சாவு தெரியாது. எனக்குத் தெரியும், மூன்றே முக்காலுக்கே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். எடுத்துவிடலாம்தான். செத்தவர் வாயைப் பொத்துவதுபோல் இருந்தது, கை வரவில்லை.

அவர் மனைவிக்கு அலுவலகத்தில் தட்டச்சு வேலை கொடுத்திருந்தார்கள். அக்கா என்று கூப்பிடுவேன். மூன்றரைக்கு வேலை முடிந்தாலும் திரை முன்னாலேயே இருந்துவிட்டு, அடுத்த பஸ்ஸில்தான் புதுவயலுக்குப் போவார். வேலை மிச்சமிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

தொண்ணூற்றொன்பதில் டிஸ்க் நிரம்பிவிட்டது. கணினி எழுந்து நடமாடத் தேவையான கோப்புகளெல்லாம், ரூட் என்போம், ஒரு சின்னப் பகுதிக்குள் அடைபட்டுக் கிடந்தன. புது டிஸ்க் வாங்கி, அதில் லாஜிக்கல் வால்யூம் என்னும் வளரக்கூடிய பகுதியை அமைத்து, ரூட்டை அங்கே குடியேற்ற முடிவுசெய்தேன். பிறகு எத்தனை டிஸ்க் வந்தாலும் அதோடு சேர்த்து இடத்தைப் பெருக்கிக்கொள்ளலாம். காரைக்குடியில் இதைச் செய்யும் முதல் ஆள் நான்தான் என்ற மிதப்பு வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நகலெடுத்தேன், ஒரு டைரக்டரியைத் தவிர. அச்சுக்குக் காத்திருக்கும் கோப்புகளும் யாரும் படிக்காத அஞ்சலும் கிடக்கும் இடம். குப்பை என்று விட்டுவிட்டேன். புது இடத்திலிருந்து கணினி முதல் தடவையிலேயே எழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் பழைய பகுதியை அழித்து, அதையும் வால்யூமோடு சேர்த்துவிட்டேன்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு வரி வரவில்லை. குறித்த நேரத்தில் நடக்கவேண்டிய வேலைகளின் பட்டியலும் அந்தக் குப்பைக்குள்தான் இருந்தது. எனக்குத் தெரியாததா? மறந்தேனா, மறக்க விட்டேனா என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

நாலேகாலுக்கு அக்கா வந்து கதவருகில் நின்றார்.

“தம்பி, மிசினு ஓடலையா?”

“ஓடுதுக்கா.”

“அவுக வரலையே.”

பஸ்ஸை விட்டுவிட்டு அவர் எதற்காகக் காத்திருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் எழுதிவைத்ததைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை என்பதையும் சொன்னேன். அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாள் நாலு மணிக்கு நானே அந்த வரியை அடித்து அனுப்பினேன். செத்தவர் பெயரிலேயே அனுப்பியிருக்கலாம், பயந்துவிட்டேன். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ரூட் என்று விழுந்தது, கணினியைப் பார்த்துக்கொள்பவனுக்கும் அதே பெயர்தான். அது நான்தான் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா பையை எடுத்துக்கொண்டு வந்தார். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன்.

“வாங்க தம்பி, போவோம்.”

“எங்கக்கா?”

“டீ குடிக்கத்தான். கூப்புட்டீகள்ல? அவுக தெனம் கூப்புட்டாக, ஒருநாளும் என்னால போக முடியல.”

கடையில் அக்கா கடைசிச் சொட்டு வரை குடித்தார். என் கிளாஸில் ஆடை கட்டிவிட்டது.