தகர மயில்

என் அத்தை குப்பையிலிருந்து எடுத்துவரும் பொருள்களைப் பார்த்து எனக்கு வெட்கம் வந்தது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான். அதற்கு முன்பெல்லாம் அவள் வேலை முடிந்து வந்து மடியை அவிழ்க்கும் நேரத்துக்காகவே நான் வாசலில் காத்துக்கிடப்பேன்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். குடியாத்தம் பக்கத்திலிருந்து தங்கவயலுக்கு ஆட்கள் கூட்டங்கூட்டமாகப் பிழைக்க வந்த காலத்தில் அவளும் மாமாவும் வந்தார்கள். தங்கச் சுரங்கத்தின் ஷாப்டுக்குள் பாறை சரிந்து மாமா போய்விட்டார். அப்புறம் அத்தை எங்களோடுதான் இருந்தாள். எங்களுடையது சுரங்கக் கூலிகளின் லைனில் மூங்கில் தட்டி அடைத்த வீடு. படுத்தால் ஒருவர் கால் இன்னொருவர் தலையில் இடிக்கும். சுரங்கத்துத் துரை ஒருவரின் பங்களாவில் அத்தைக்குப் பெருக்கித் துடைக்கிற வேலை. அறைகளைப் பெருக்கி, அடுப்புச் சாம்பலை வாரி, எல்லாவற்றையும் பின்கட்டுக்கு அப்பால் இருந்த சாம்பல் மேட்டில் கொட்ட வேண்டும். கொட்டிய பிறகு ஒரு குச்சியால் கிளறிப் பார்ப்பாள். கிளறுவதற்குத்தான் அவள் வேலைக்கே போகிறாள் என்று அம்மா சொல்லுவாள்.

பிஸ்கட் டப்பா, பாட்டில் மூடியின் கார்க்கு, தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாள், ஒற்றைக் காலுறை என்று எதுவும் அவளுக்கு ஆகும். அப்பா தன் பங்குக்குச் சுரங்கத்திலிருந்து எரிந்துபோன மெழுகுவத்தித் துண்டுகளும் வெடிமருந்து வரும் வேட்டுப் பெட்டியின் உடைந்த பலகையும் கொண்டுவந்து போடுவார். பலகையில் நாற்காலி வரும். டப்பாவில் கிலுகிலுப்பை வரும். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்குத் தூளியின் மேல் கட்ட அவள் செய்து கொடுத்த தகரக் கிளிகள் காற்றடித்தால் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும். குழந்தை அழ மறந்து பார்க்கும்.

எனக்கு எட்டு வயதானபோது மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்தவள் இன்னொரு பங்களாவின் பட்லர் மகள். காலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு வருவாள். "உங்க வீட்ல யார் பங்களாவுல இருக்காங்க?" என்று முதல் நாளே கேட்டாள். அத்தை அங்கே ஆயா வேலை பார்க்கிறாள், துரையின் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிறாள் என்று சொன்னேன். அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதே எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது. விடுமுறை நாட்களில் அத்தை கூப்பிட்டால் சாம்பல் மேட்டுக்குப் போவேன்; ஆனால் பத்தடி தள்ளி நின்று, பாதையில் யாராவது தெரிந்தவர்கள் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படி நின்ற ஒரு நாளில்தான் அத்தை சாம்பலுக்குள்ளிருந்து எதையோ எடுத்து, முந்தானையில் துடைத்து, வெயிலில் காட்டினாள்.

"இன்னா பளபளப்பு பாரு கண்ணு!"

கொண்டையில் செருகும் சீப்பு. பாதிதான் இருந்தது. முதுகில் இரண்டு நீலக்கற்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. சீக்கிரம் வா போகலாம் என்று நான் அவசரப்படுத்தினேன்.

அந்தச் சீப்பைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மயில் செய்ய வேண்டுமென்று தோன்றியிருக்கிறது. கார்க்குகளைக் கோத்து உடம்பு செய்தாள். நீலக் காலுறையைப் பிரித்த நூலைக் கழுத்தில் சுற்றினாள். பூப்போட்ட பிஸ்கட் டப்பாவைக் கத்தரித்துக் கத்தரித்துத் தோகை. ஒவ்வொரு இறகின் நுனியிலும் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய ஈயத்தாள் வட்டம். சீப்பின் பற்கள் கொண்டையாயின. நீலக்கற்கள் கண்களாயின. ஒரு மாதம் ஆயிற்று. முடிந்த அன்று அதை வேட்டுப் பெட்டிப் பலகையில் நிறுத்தினாள். எப்போதும் திட்டிக்கொண்டிருக்கும் அம்மாகூட அடுப்பை விட்டு எழுந்து வந்து பார்த்தாள்.

கிறிஸ்மஸுக்கு முன்னால் டீச்சரம்மா ஒரு செய்தி சொன்னார். வீட்டில் வேண்டாமென்று போடுகிற பொருள்களைக் கொண்டு ஒவ்வொரு பிள்ளையும் தன் கையாலேயே ஏதாவது செய்து கொண்டுவர வேண்டும். அத்தை வேலை பார்க்கும் பங்களாவின் துரைசானி வந்து பார்த்து, நன்றாக இருப்பதற்குப் பரிசு கொடுப்பார். நான் காகிதத்தில் ஒரு விசிறி மடித்தேன். அது விசிறி மாதிரி இல்லை. "மயிலைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கினு போறேன் அத்த, எல்லாரும் பாக்கட்டும்" என்று கேட்டேன். கைவேலைப் போட்டி என்று சொல்லவில்லை. அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு பழந்துணியில் சுற்றி, "தோகைய அமுக்கிடாத" என்று என் கையில் கொடுத்தாள்.

"நீயே செய்தாயா?" என்று டீச்சரம்மா கேட்டபோது ஆமாம் என்று சொல்வது எனக்குக் கஷ்டமாகவே இல்லை.

பரிசு கொடுக்கும் அன்று மேசைமேல் எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தார்கள். துரைசானி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து மயிலிடம் நின்றார். முகம் மலர்ந்தது. கையில் எடுத்துத் திருப்பினார். பிறகு முகம் மாறியது. கொண்டையைத் தொட்டுப் பார்த்தார், கண்களைத் தொட்டுப் பார்த்தார், டீச்சரம்மாவிடம் இங்கிலீஷில் ஏதோ மெதுவாகச் சொன்னார். டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டார். இது துரைசானியின் அம்மா கொடுத்த சீப்பு, போன மழைக்காலத்திலிருந்து காணோம், உனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்.

"அத்த குடுத்தாங்க."

அத்தையைக் கூட்டிவரப் பங்களாவுக்கு ஆள் போயிற்று. அவள் துடைப்பத்தை மட்டும் அங்கே வைத்துவிட்டு அப்படியே வந்தாள். புடவையில் சாம்பல். முழங்கை வரை சாம்பல். பட்லர் மகள் அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பக்கத்திலிருந்தவள் காதில் ஏதோ சொன்னாள்.

"உன் தம்பி மகள் இவ்வளவு அழகாக மயில் செய்திருக்கிறாள். ஆனால் இந்தச் சீப்பு ஏது?" என்றார் டீச்சரம்மா.

அத்தை மயிலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆமாம்மா, நல்லா செஞ்சிருக்கா" என்று சொன்னாள். அப்புறம், ஒன்றும் பெரிய விஷயமில்லை என்பதுபோலச் சிரித்தாள்.

"அந்தச் சீப்பா? அது சாம்பல் மேட்டுல கெடந்துச்சும்மா. ஒடஞ்சி கெடந்துச்சு. குப்பையோட யாராவது வாரிப் போட்டிருப்பாங்க. கொழந்தயும் கூடத்தான் நின்னுக்கினு இருந்தா. கேட்டுப் பாருங்க."

டீச்சரம்மா என் பக்கம் திரும்பினார். பள்ளிக்கூடமே திரும்பியது. துரைசானியின் முகத்தில் நான் ஆமாம் என்று சொல்ல வேண்டுமே என்கிற எதிர்பார்ப்பு இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் பூட்ஸ் போட்ட அந்தப் பெண்ணின் சிரிப்பும், "சாம்பல் மேடு" என்ற சொல்லும்தான். அத்தை திருடி என்று பெயர் வாங்குவாளே என்று எனக்குத் தோன்றவில்லை. நான் குப்பை பொறுக்குகிறவள் என்று பெயர் வாங்கிவிடுவேன் என்றுதான் தோன்றியது.

"நான் அங்க போனதே இல்ல டீச்சரம்மா."

"உன் அத்தை எடுத்ததைப் பார்த்தாயா?"

"பாக்கல."

அத்தையின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. நான் சொன்னது காதில் சரியாக விழவில்லை என்பதுபோல அது அப்படியே கொஞ்சம் நின்றது. வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு டீச்சரம்மா என்ன கேட்டும் அவள் பதில் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, முந்தானையால் கையிலிருந்த சாம்பலைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

பண்டிகை நாளாக இருப்பதால் போலீஸுக்குச் சொல்லப்போவதில்லை, ஆனால் இனி பங்களாப் பக்கம் வர வேண்டாம் என்று துரைசானி சொன்னதாக டீச்சரம்மா தமிழில் சொன்னார். துரைசானி தன் விரல்களாலேயே கொண்டையையும் கண்களையும் பிய்த்து எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். குழந்தைமேல் தப்பில்லை, வேலைப்பாடு நன்றாக இருக்கிறது என்று பரிசை எனக்கே கொடுத்தார்கள். சீமையிலிருந்து வந்த பீங்கான் முகப் பொம்மை. நான் வாங்கிக்கொண்டேன். மண்டி போட்டு வணங்கவும் செய்தேன்.

அத்தை எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தாள். நான் ஒரு கையில் பொம்மையும் மறு கையில் குருட்டு மயிலுமாகப் பின்னால் போனேன். லைனுக்குள் நுழையும் முன் அவள் நின்று மயிலை வாங்கிக்கொண்டாள். பொம்மையைத் தொட்டுப் பார்த்து, "நல்லாக்கீது" என்றாள். கோபமில்லை என்று நான் நிம்மதியானேன்.

பொங்கல் கழிந்து அவளுக்குச் சுரங்கத்தின் மேலே கல் பொறுக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாளெல்லாம் சுத்தியால் பாறைத் துண்டுகளை உடைக்கிற இடம். முதல் வாரமே இடது கட்டைவிரல் நசுங்கிவிட்டது. தகரத்தைப் பிடித்துக் கத்தரிக்க முடியவில்லை என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. கத்தரிக்காமலிருந்ததைப் பார்த்து நாங்களாகத் தெரிந்துகொண்டோம்.

நான் தொடர்ந்து படித்தேன். அதே பள்ளிக்கூடத்தில் டீச்சராகவும் ஆனேன். அத்தை ப்ளேக் வந்த வருஷம் இறந்துபோனாள். அதற்கு முன்னால் எத்தனையோ நாள் அவளோடு ஒரே பாயில் படுத்திருக்கிறேன். ஒரு நாளும் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. எடுக்க வேண்டுமென்று நினைப்பேன், தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போய்விடுவேன்.

அன்று அவள் ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மயில் செய்தது நான், இவள் சொன்னது பொய் என்று சொல்லியிருந்தால், சாம்பல் மேட்டைப் பற்றி நான் சொன்னதும் பொய்தான் என்று எல்லாருக்கும் விளங்கியிருக்கும். அந்த வருஷம்தான் சிலேட்டுப் பலகையைத் திருடிப் பொய் சொன்ன ஒருத்தியின் பெயரை அடித்துப் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பியிருந்தார்கள். அதை வீட்டில் வந்து அத்தையிடம் கதையாகச் சொன்னவளே நான்தான்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் விளங்கியது. பரிசு வாங்கிய அன்று சாயங்காலம் ஷிப்டு முடிந்து வந்த அப்பா விஷயம் கேட்டுக் குதித்தார். "திருடின்னு சொல்றாங்க, வாயத் தொறக்காம நின்னியாமே! எதையாவது சொல்லக் கூடாதாக்கா?"

அத்தை முறத்தில் அரிசியைக் கொழித்துக்கொண்டிருந்தாள். "சொன்னேன்டா. நம்பல. அதுக்கு மேல சொல்லணும்னா இன்னொண்ணும் சேத்துச் சொல்லணும். போவட்டும் வுடு."

"அது இன்னா இன்னொண்ணு?"

அத்தை முறத்தைச் சாய்த்து அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

தட்டிக்கு இந்தப் பக்கம் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த இன்னொன்று என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அத்தை உண்மையிலேயே ஏதோ தப்புச் செய்திருக்கிறாள், அதை அப்பாவிடம்கூடச் சொல்ல முடியாமல் தவிக்கிறாள் என்று தோன்றியது. பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.