நான் துடைத்த முன்வரிசை

எனக்கு வயது எழுபத்து மூன்று. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றவை, இரண்டு என் தங்கச்சி விட்டுப் போனவை. சண்டையில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் கிடந்த காலத்திலும் ஒன்றையும் அழுக்கு உடுப்போடு வெளியே விட்டதில்லை.

சண்டை முடிந்து சில வருடங்கள் போக, கற்பிட்டி ரோட்டில் உப்புத்தண்ணிக் களப்போரமாக ஒரு காணியை வளைத்து சோலர் தகடுகள் நிறுத்தினார்கள். மின்சாரம் விற்க அல்ல, ஆராய்ச்சிக்கு. விழுகிற வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட தகட்டிலிருக்கிற சிலிக்கன் மின்சாரமாக்காதாம். உப்புக்காற்றுப் படிந்தால் அதிலும் குறையுமாம். பொறுப்பாயிருந்த சேர்தான் சொன்னார். முன்வரிசைக் கண்ணாடிக்கு ஒரு புது மருந்து பூசியிருந்தது; அதில் உப்பும் தூசும் ஒட்டாது என்றார். பின்வரிசை வெறும் கண்ணாடி. இரண்டையும் ஒரு வருடம் கைபடாமல் விட்டு, எது கூட மின்சாரம் தருகிறதென்று பார்ப்பது. எனக்கு முற்றம் கூட்டுவதும் ஆடுகளைத் துரத்துவதும் வேலை.

மருந்தின் இலட்சணத்தை நான் தினமும் பார்த்தேன். முன்வரிசையிலும் உப்பு பாலாடை போலப் படிந்தது. காகங்கள் மீன் குடலைத் தூக்கிவந்து தகட்டில் வைத்துக் கொத்தும். மிச்சம் வெயிலில் காய்ந்து ஒட்டும், அதன்மேல் எச்சம். எனக்குச் சோறு இறங்காது.

வருடம் முடிகிற நேரம் ஒரு நாள், கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் நாளைக்கு வருகிறார்கள் என்றார் சேர். ஆள் வருகிறதென்றால் வாசலை நாறவிட்டு யார் இருப்பார்? விடிந்ததும் போய், படலையடியில் முதலில் கண்ணில்படும் முன்வரிசையை நல்லதண்ணியும் பழைய சாரன் துணியுமாகத் துடைத்துவிட்டேன். பின்வரிசைக்கு நேரம் போதவில்லை. தொடக்கூடாது என்றது நினைவில்தான் இருந்தது. அது மற்ற நாட்களுக்கு என்று எடுத்துக்கொண்டேன். என் பிழைதான்.

சேர் மீட்டரைப் பார்த்தார். முன்வரிசை கூடக் காட்டியது. முகம் மலர்ந்துவிட்டது. வந்தவர்களிடம், "ஒரு வருசமா ஒரு கை படல்ல. எல்லாம் மருந்துட வேலை" என்றார். அவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போனதும் அவரிடம் போனேன்.

"சேர், அத நான்தான் காலையில துடைச்சது."

"வேற யாருக்கும் சொன்னீங்களா?"

"இல்ல. உங்களுக்குத்தான் முதல்ல."

"அப்ப அப்படியே இரிக்கட்டும் உம்மா. வயசுபோன காலத்துல உங்களுக்கு ஏன் கரச்சல்."

"வயசுபோனா பொய்க்குத் துணை போகலாமா மகன்?"

"பொய் இல்ல உம்மா. மருந்து நல்ல மருந்துதானே." சிரித்தார்.

"அப்ப அத உங்கட சோத்துக் கோப்பையில பூசி, ஒரு வருசம் கழுவாமத் தின்னுங்க. பாப்பம்."

அடுத்த கிழமை சேர் ஓர் இங்கிலீசுத் தாளை நீட்டினார். தகடுகளை யாரும் தொடவில்லை என்று அதில் எழுதியிருந்ததாம். "கைநாட்டு வைங்க" என்றார். எனக்குப் பெயர் எழுதத் தெரியும். எழுதவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்தவள் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. மீன் குடலைக் கையால் வழித்தெடுத்தவள் நான். சேர் சிரித்த அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இன்றும் காறித் துப்ப வருகிறது.

அந்த ஆராய்ச்சி அச்சிலும் வந்துவிட்டது. கம்பசில் படிக்கும் பேத்தி எடுத்துக் காட்டினாள். கைபடாத கண்ணாடி என்றே அதில் இருக்கிறதாம். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற இதை அதற்குப் பக்கத்தில் யாரும் வைக்கமாட்டார்கள். அதற்காக எழுதாமல் விடுவதா?

எழுதி முடித்துப் பேத்தியின் கையில் கொடுக்கிறேன். இந்தா மகள், சத்தமாக வாசி. நான் துடைத்தேன் என்ற இடம் வந்தால், அதை மட்டும் இரண்டு தரம் வாசி.