பெரியப்பா மாற்றிய சைலன்சர்

பெரியப்பா வண்டி ஓட்டுவதை நிறுத்தியது என்னால்தான். வீட்டில் யாரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் சுத்தமாக மறந்துவிட்டுப் பாதியிலேயே வெளியே வந்தவன் நான். இதை மட்டும் மறக்க முடியவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பொழிச்சலூரில் கீழ் வீடு எங்களுடையது, மாடி பெரியப்பாவுடையது. அவரிடம் என்னைவிட வயதில் மூத்த ஒரு பிக்கப் வண்டி இருந்தது. கல்யாணம், வளைகாப்பு என்று எது நடந்தாலும் வாடகை நாற்காலியும் அண்டாவும் ஏற்றிக்கொண்டு படப்பை வரைக்கும் போவார். லோடு இல்லாத நாளிலும் எஞ்சினை ஓடவிட்டு அதன் பக்கத்தில் நின்றுதான் டீ குடிப்பார். வண்டியைக் கழுவ ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகவே பெரியம்மாவைக் கட்டிக்கொண்டார் என்று அப்பா கிண்டல் செய்வார். பெரியம்மா அதை மறுத்ததில்லை.

அந்த வருடம் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மெக்கானிக்கிடம் புதிது வாங்கிப் போட்டார். அருமையான சைலன்சர். வண்டி வந்து நின்றதே தெரியாது. தெரு முழுக்க நிம்மதி, பெரியப்பாவைத் தவிர. ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சினையே மறுபடி சாவி திருகி ஸ்டார்ட் செய்வார். அது பல்லைக் கடிப்பதுபோல் 'கர்ர்' என்று கத்தும். அதெல்லாம் வண்டியின் சேட்டை என்று நினைத்தேன். சேட்டை செய்கிற யாரையும் எனக்குப் பிடிக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே திரும்பவும் மெக்கானிக்கிடம் போனார். நானும் தொற்றிக்கொண்டேன்.

"இது வாணாம்பா. கழட்டிட்டு நேர் பைப்பு போடு. உள்ள தடுப்பு கிடுப்பு ஒண்ணும் இருக்கக் கூடாது."

மெக்கானிக் சிரித்தார். "இன்னா நைனா, இந்த வயசுல ரேஸ் வுடப் போறியா? அந்தப் பைப்ப போட்டா உன் தெருவுல நாய்கூட படுக்காது."

பெரியப்பா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "லோடு இழுக்க மாட்டேங்குதுப்பா" என்றார்.

என் தொடை பருமனுக்கு ஒரு பைப்பு ஏறியது. ஸ்டார்ட் செய்ததும் பக்கத்துப் பெட்டிக்கடையில் தொங்கிய ஷாம்பு பாக்கெட்டுகள் ஆடின. பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை மிதியில் வைத்தார். கியர்க் கம்பியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு முகம் தெளிந்து, "இப்பதாண்டா வண்டி மாதிரி கீது" என்றார்.

வீட்டு வாசலில் பெரியம்மா காத்திருந்தார். "வயசுப் பசங்க போடுற பைப்ப மாட்டிக்கினு வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல உனக்கு? இன்னா பேஜாரா போச்சு உன்னோட."

பெரியப்பா சிரித்துக்கொண்டே, "ஆமா, சாப்ட்டேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். திட்டுகிற பெண்டாட்டியை மடக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று வியந்தேன்.

விமான நிலையத்தை ஒட்டிய எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. தலைக்குமேல் விமானம் போகும்போது பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவோம். சண்டையில்கூட அப்படித்தான். கெட்ட வார்த்தையின் முதல் பாதி விமானத்துக்கு முன்னால் வரும், மீதி அது போன பிறகு வரும். பெரியப்பா மட்டும் அந்த வருடம் நிறுத்தாமல் பேச ஆரம்பித்திருந்தார். வாய் அசைவதைத்தான் நாங்கள் பார்ப்போம். அந்தப் பைப்புச் சத்தத்துக்குப் பழகிய மனுஷனுக்கு ஏரோப்ளேன் எல்லாம் ஒரு சத்தமா என்று அப்பா கேலி செய்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். எனக்கு ஒரு பதவியும் தந்தார். "பின்னாடி எவனாச்சும் ஆரன் அட்ச்சா என் தொடையில தட்டு. சொல்லாத, தட்டு." வாயால் சொல்வதைவிடத் தட்டுவது பெரிய அதிகாரம் என்று எனக்குப் பட்டது. தட்டினால் ஒரு பிக்கப் வண்டியே ஒதுங்குகிறது!

அந்த அதிகாரத்தை எத்தனை நாள்தான் ஒழுங்காக வைத்துக்கொண்டிருப்பது? ஒரு நாள் படப்பை ரோட்டில் பின்னால் ஈ காக்கை இல்லை. சும்மா தட்டினேன். பெரியப்பா இடதுபக்கம் ஒதுங்கி, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "போ, போ" என்று காற்றுக்கு வழிவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூன்று தடவை தட்டினேன். மூன்று தடவையும் காற்று எங்களை முந்திக்கொண்டு போனது.

அந்தச் சுகத்தில் அடுத்த சோதனையையும் செய்துவிட்டேன். நிஜமாகவே ஒரு லாரி பின்னால் வந்து காட்டுக்கத்தலாகக் கத்தியது. நான் தட்டவில்லை. பெரியப்பா நடுரோட்டிலேயே போய்க்கொண்டிருந்தார். கடைசியில் லாரி மண்ணில் இறங்கி, எங்களை உரசிக்கொண்டு முந்தியது. டிரைவர் எங்கள் பரம்பரையையே திட்டினான். பெரியப்பா அவனுக்குக் கையசைத்தார்.

இப்படி ஒரு சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் சும்மா இருப்பேனா? அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடும்போது எழுந்து நின்று நடித்துக் காட்டினேன். தொடையைத் தட்டியது, காற்றுக்கு வழிவிட்டது, "போ, போ" என்ற கை. அம்மாவுக்குப் புரையேறியது. பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பெரியப்பாவும் எல்லார் முகத்தையும் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். அந்த உற்சாகத்தில் லாரி கதையையும் சொன்னேன். அதுதான் ரொம்ப வேடிக்கையான பகுதி.

முதலில் அப்பா சிரிப்பை நிறுத்தினார். பிறகு அம்மா. பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். சாதாரணமாகப் பேசுகிற குரலில், "யோவ், இன்னும் கொஞ்சம் சோறு வெக்கவா?" என்று கேட்டார். மறுபடியும் கேட்டார். பெரியப்பா எலும்பைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா எச்சில் கையோடு எழுந்து போய், டிவி மேலிருந்த வண்டிச் சாவியை இடது கையால் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் மாடியில் பெரியவர்கள் பேசினார்கள். பெரியப்பாவின் குரல் கீழே வரை கேட்டது. "முப்பது வருஷமா ஓட்றேன்டா, ஒரு கோடு வுழுந்துருக்கா வண்டில? எவன் சொன்னான் உனக்கு? சொல்லு, எவன் சொன்னான்?" அப்பா சொல்லவில்லை. பின்னாளில் காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். சாவியை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவர் வண்டியின் பின்பக்கத்தில், நாற்காலி ஏற்றும் இடத்தில், காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"நேத்து எல்லாரும் அப்டி சிரிச்சாங்களே, இன்னாடா சொன்ன? எனக்கும் சொல்லு."

கூப்பிட்டு வைத்து என்னிடம் கதை கேட்ட முதல் ஆள் அவர்தான். பையை இறக்கி வைத்துவிட்டு, ஒன்றையும் விடாமல் நடித்தேன். லாரி மாதிரியே கத்தினேன், அந்த டிரைவர் மாதிரியே திட்டினேன். பெரியப்பா கடைசி வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் பெரியப்பா."

"நல்லாக் கீதுடா" என்று என் தலையைத் தடவினார். இறங்கி, எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, அந்தப் பைப்பைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

எல்லாரையும் சிரிக்க வைத்த கதைக்கு இவர் சிரிக்கவில்லையே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"இன்னொரு தபா சொல்லட்டா பெரியப்பா?"

அவர் திரும்பவில்லை. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, கிட்டே போய், இன்னும் சத்தமாகக் கேட்டேன்.