ஐந்தாம் பக்கம் படிக்கப்படாத காலைகள்

காலை ஆறே முக்கால் மணி, ஒன்பது டீ கிளாஸ், பெயின்டர் தேவராஜ்: தினசரிப் பத்திரிகையில் நிருபராக இருந்த எனக்கு வாசகர் உலகம் என்பது இவ்வளவுதான். தாங்கள் எழுதிய செய்தியை மறுநாள் யாரோ உரக்கப் படிக்க, பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்க நேர்ந்த சக நிருபர்களுக்கு என் கஷ்டம் புரியும். மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

1994-ல் பெங்களூர் மர்பி டவுனில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். கீழே ராமண்ணாவின் டீக்கடை. அவர் கோலார் பக்கத்துக் கன்னடக்காரர். குடிக்க வருகிறவர்கள் தமிழர்கள் என்பதால் கடைக்கு எங்கள் தமிழ்ப் பேப்பரை வாங்கிப் போடுவார். "ஏனு சமாச்சார, தேவராஜு?" என்று அவர் குரல் கொடுத்ததும் தேவராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார். பெயின்ட் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம் இந்தச் சேவை.

தெரிவித்தார்

கடை ஓரத்தில் குப்பம்மா அக்கா இட்லி விற்றுக்கொண்டிருப்பார். படிக்கத் தெரியாது. ஆனால் தேவராஜ் படிப்பதில் ஒரு வரியையும் தவறவிட மாட்டார். நான் மர்பி டவுனுக்கு வந்த புதிதில் தண்ணீர்த் தட்டுப்பாடு பற்றி ஒரு செய்தி எழுதியிருந்தேன். விரைவில் நிலைமை சீராகும் என்று அதிகாரி தெரிவித்தார், ஆழ்துளைக் கிணறு தோண்டப்படும் என்றும் தெரிவித்தார், பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டும் என்றும் தெரிவித்தார்.

தேவராஜ் ராகம் போட்டுப் படித்தார். எழுதியது நான்தான் என்று அதற்குள் ராமண்ணா எல்லோருக்கும் சொல்லியிருந்தார். குப்பம்மா அக்கா இட்லித் தட்டை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெரிவிச்சாரு தெரிவிச்சாருன்னு எழுதறியே தம்பி, தண்ணி வுட்டாருன்னு எப்ப எழுதுவே?"

விபத்து

அடுத்து எனக்குக் கிடைத்த வேலை விபத்துச் செய்தி. ஓசூர் சாலையில் தினம் ஏதாவது ஒன்று நடக்கும். மாலையில் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போன் போட்டுக் கேட்டு எழுதுவேன். அது ஐந்தாம் பக்கத்தின் கீழ்ப்பாதியில் வரும். மேல்பாதியில் ராசிபலன்.

ஒருநாள் லாரி கவிழ்ந்த செய்தி ஒன்றைக் கொஞ்சம் நன்றாகவே எழுதிவிட்ட நினைப்பில் காத்திருந்தேன். தேவராஜ் மூன்றாம் பக்கத்தை முடித்தார். எச்சில் தொட்டு இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பினார். ஏழாம் பக்கத்தில் கிரிக்கெட்டைப் படிக்கத் தொடங்கினார். என் லாரி போயிற்று. ராசிபலனும் போயிற்று. எட்டுப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள், தங்கள் ராசி என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு தேவராஜைத் தனியாகப் பிடித்தேன். குப்பம்மா அக்காவின் ஒரே மகன் செல்வம் லாரி டிரைவர். கிருஷ்ணகிரி வழியாகச் சென்னைக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவன். போன் எல்லாம் செய்ய மாட்டான். திரும்பி வந்து கடை முன்னால் ஹாரன் அடித்தால்தான் அவன் இருக்கிறான் என்று தெரியும். அவன் ரோட்டில் இருக்கும் நாளில் தேவராஜ் முன்னதாகவே தாளைப் புரட்டிப் பார்த்துவிடுவார், லாரிச் செய்தி இருந்தால் தொட மாட்டார். பக்கத்தைப் பாதி படித்து நிறுத்தினால் சந்தேகம் வரும் என்று முழுப் பக்கத்தையும் விட்டுவிடுவாராம். நன்றாக எழுதியிருந்தேனே என்று நான் முனகினேன்.

"எழுதறது உன் வேலை சார். படிக்காம வுடறது என் வேலை."

பெயர் தெரியவில்லை

மழைக்காலத்தில் ஒரு காலை. தேவராஜ் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பினார். ஆனால் கிரிக்கெட்டைப் படிக்காமல் என்னைப் பார்த்தார். அன்றைய ஐந்தாம் பக்கச் செய்தி நான் எழுதியதல்ல, கிருஷ்ணகிரி நிருபர் அனுப்பியது: லாரிகள் மோதல், டிரைவர் பலி, அவர் பெங்களூரைச் சேர்ந்தவர், பெயர் உடனடியாகத் தெரியவில்லை. எங்கள் தொழிலில் இது மிக வசதியான வாக்கியம். அச்சுக்கு நேரமாகிவிட்டது என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. செல்வம் முந்தைய நாளே திரும்பியிருக்க வேண்டியவன்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எதிரிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் கிருஷ்ணகிரி நிருபரை எழுப்பினேன். அவர் விசாரித்துச் சொல்ல இருபது நிமிடம் ஆயிற்று. பூத்தின் கண்ணாடி வழியாகக் கடை தெரிந்தது. தேவராஜ் வேலைக்குப் போகாமல் விளம்பரங்களை எல்லாம் படித்துக்கொண்டிருந்தார். குப்பம்மா அக்கா யாருக்கோ சட்னி ஊற்றிக்கொண்டிருந்தார். இறந்தது தேவராஜோ நானோ பார்த்திராத ஒரு பையன், நீலசந்திராவைச் சேர்ந்தவன்.

திரும்பி வந்து, அவன் இல்லை என்று தேவராஜுக்குத் தலையாட்டினேன். அவர் தூரிகைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தெரு முனையை அவர் தாண்டியதும் குப்பம்மா அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம பையன் இல்லையே?"

"இல்லக்கா. நீலசந்திராப் பையன்."

"அவங்க வூட்டுக்குச் சேதி போயிடுச்சா?"

போய்விட்டது என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"என்னிக்கு ராசிபலன் இல்லையோ, அன்னிக்கு எங்கியோ லாரி கவுந்திருக்குன்னு அர்த்தம். தேவராசுகிட்ட சொல்லிடாத தம்பி, பாவம், மனசு ஒடஞ்சிடுவான்."

செல்வம் அன்று மத்தியானம் ஹாரன் அடித்தான். டயர் பஞ்சராம்.

நேரடி ஒளிபரப்பு

2001-ல் ராமண்ணா கடையில் டி.வி. வைத்தார். பேப்பரைப் போல அதில் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்ப முடியாது. ஒருநாள் திரையில் நசுங்கிய லாரி ஒன்று வந்தது. அடுத்த நொடி அங்கே சமையல் குறிப்பு ஓடியது. ராமண்ணாவின் கை கல்லாவுக்கு அடியில் இருந்தது.

"ரிமோட் கெட்டுப்போச்சு அக்கா, அதுவா மாறிக்குது."

திருப்பு

அடுத்த வருடம் செல்வம் லாரியை விட்டான். தொம்மலூரில் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் கிடைத்தது. ராத்திரி வீட்டில் படுக்கை. குப்பம்மா அக்கா அன்று யாரிடமும் இட்லிக்குக் காசு வாங்கவில்லை.

மறுநாள் காலை தேவராஜ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஐந்தாம் பக்கத்தைத் திறந்தார். எல்லோருடைய ராசிக்கும் பலன் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமி, ஒரு லாரி டிரைவர் பலியான என் விபத்துச் செய்தியைத் தாண்டிப் போகாமல் உரக்கப் படிக்கத் தொடங்கினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டாவது வரி தாண்டவில்லை. குப்பம்மா அக்கா கையை உயர்த்தினார்.

"வேணாம் தேவராசு, திருப்பு. அவனுக்கும் எங்கியாவது ஒரு அம்மா இருப்பா."

2003 ஆகஸ்டில் என்னை விபத்துச் செய்தியிலிருந்து வர்த்தகப் பக்கத்துக்கு மாற்றினார்கள். அந்தப் பக்கத்தைத் தேவராஜ் யாருடைய மனசையும் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லாமலே தாண்டிப் போய்விடுவார்.